முதல் சம்பளத்திலிருந்தே ஓய்வுக்காலப் பணம்: ஓசூர், தர்மபுரி பக்கம் வேலைக்குச் சேருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு, 21, 22 வயதில் ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. விவசாயம், பேக்கரி, சொந்தக் கடை என்று பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இல்லாத வேலையில் இருப்பவர்கள் 1, 3, 4 ஆகிய பகுதிகளைப் படித்துவிட்டு நேராக 9-க்குப் போகலாம்.

"எந்த ஃபண்டில் போடலாம்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இங்கே அது ஏழாவது படி. நடுவில் உடைத்த பணம் எவ்வளவு நல்ல இடத்தில் இருந்தாலும் வளராது. அதனால் முதல் ஐந்து படிகளும் பணத்தை உடைக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதற்கானவை.

கணக்குகளில் வரும் ஆள்: வயது 22, பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 15,000 ரூபாய், ஓய்வு 58-ல். கையில் 36 வருடம். பி.எஃப்.க்கு வருடம் 8 சதவீதம், பங்குச் சந்தை ஃபண்டுக்கு (மியூச்சுவல் ஃபண்ட்) 10 சதவீதம், விலைவாசி ஏற்றம் 6 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம். இவை அனுமானங்கள். சந்தை வருமானத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

## 1. எல்லா ஆவணத்திலும் ஒரே பெயர்

கையில் இருக்க வேண்டியவை நான்கு: செல்போன் எண் இணைத்த ஆதார், பான் கார்டு, உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கு, பி.எஃப்.க்கான 12 இலக்க யூ.ஏ.என். எண்.

நம் பக்கத்தில் முதல் சிக்கல் இனிஷியலில் வருகிறது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, கம்பெனிப் பதிவில் இனிஷியலே இல்லாமல். நான்கும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்து வருடம் கழித்துப் பணம் மாற்றப் போகும்போது "பெயர் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடும்.

திருத்தும் வரிசை: முதலில் ஆதார், அடுத்து பான், பிறகு வங்கி, கடைசியில் பி.எஃப். பி.எஃப். தளம் ஆதாரில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. பி.எஃப்.பில் திருத்திவிட்டு அப்புறம் ஆதாரைத் திருத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

செல்போன் எண்ணை மாற்றினால் அதே வாரத்தில் ஆதாரிலும் மாற்றுங்கள். ஓ.டி.பி. பழைய சிம்முக்குப் போனால் மற்ற வேலைகள் எல்லாம் அங்கேயே நிற்கும்.

## 2. சம்பளச் சீட்டில் பிடித்தம் சரிதானா

பி.எஃப்.க்கு உங்களிடம் பிடிப்பது பேசிக், டி.ஏ. இரண்டும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம். கம்பெனியும் அதே 12 சதவீதம் போட வேண்டும். 15,000 ரூபாய்க்கு உங்கள் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800.

கம்பெனி பங்கு இரண்டாகப் பிரியும். 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதி 550 ரூபாய் உங்கள் பி.எஃப்.பில் சேரும். ஆக மாதம் 2,350 ரூபாய்க்குத்தான் வட்டி ஏறும். பாஸ்புக்கில் 3,600 வரவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

பார்க்க வேண்டியவை இவை. பிடித்த பணம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். பதிவு செய்த எண்ணிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியாக வரும். கம்பெனி பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே கழிக்கிறார்களா என்றும் பாருங்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவர்களுக்கும் விகிதம் இதேதான். கான்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் வேலை வாங்கும் முதன்மைக் கம்பெனிதான் பொறுப்பு. ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். சம்பளச் சீட்டு நகலோடு போனால்தான் பேச்சு நகரும், வெறுங்கையோடு போகாதீர்கள்.

அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேர்ந்தவர்களுக்கு பி.எஃப். கிடையாது. அந்தக் காலத்தில் 4-ம் படியை மட்டும் முடித்து வையுங்கள், போதும்.

## 3. வட்டிக் கடன் முதலில்

நம் ஊரில் கடனுக்கு வட்டி சொல்லும் முறையே கண்ணைக் கட்டும். "நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி" என்றால் மாதத்துக்கு 2 சதவீதம், வருடத்துக்கு 24. மூன்று ரூபாய் வட்டி என்றால் 36. ஃபண்டில் 10 சதவீதம் எதிர்பார்த்து மாதம் 2,000 போட்டுக்கொண்டே 24 சதவீதக் கடனை வைத்திருப்பவர் ஒவ்வொரு மாதமும் பின்னால் போகிறார்.

அடைக்கும் வரிசை: கைமாற்று வட்டிக் கடன், செல்போன் ஆப் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, அதன்பின் வண்டிக் கடன். கல்விக் கடனும் வீட்டுக் கடனும் தவணைப்படி ஓடட்டும்.

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் வேறு வகை. தவணைக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியில்லை. முன்கூட்டியே அடைக்க அவசரப்பட வேண்டாம், தேதி மட்டும் தவறக் கூடாது.

## 4. "போர் போடணும்" பணம் தனியாக

ஓய்வுக்காலப் பணத்தை உடைப்பது பெரும்பாலும் வீட்டிலிருந்து வரும் போன்தான். கிணறு வற்றிப் போச்சு, போர் போடணும். தக்காளி விலை படுத்துருச்சு. அக்கா பொண்ணுக்குச் சீர் வைக்கணும். இவற்றில் எதற்கும் முடியாது என்று சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். அதற்கான பணம் வேறு கணக்கில் இருந்தால் போதும்.

அளவு: நிரந்தர வேலையில் மூன்று மாதச் செலவு, கான்ட்ராக்ட் வேலையில் ஆறு மாதச் செலவு. ரூம் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ஆகிறதென்றால் முறையே 36,000, 72,000.

வைக்கும் இடம்: சம்பளம் வரும் கணக்கில் வேண்டாம், அங்கே இருந்தால் யு.பி.ஐ.யில் கரைந்துவிடும். வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி, செல்போனில் யு.பி.ஐ. இணைக்காமல் வையுங்கள். தொகை சேர்ந்ததும் பாதியை ஃபிக்சட் டெபாசிட்டில் போடலாம். வட்டி குறைவுதான். இந்தப் பணத்தின் வேலை வட்டி சம்பாதிப்பது இல்லை என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மருத்துவச் செலவுக்கும் இதே இடத்தில் ஏற்பாடு. சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) உண்டு, உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம். சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்த அரையாண்டு முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் வரைதான் இ.எஸ்.ஐ. பிடித்தம் தொடரும். இன்கிரிமென்ட் கடிதம் கைக்கு வந்த மாதமே சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். இ.எஸ்.ஐ. நின்றதே தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் நிறைய.

## 5. வேலை மாறும்போது பி.எஃப்.பை எடுக்காமல் மாற்றுவது

இந்த ஒரு படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஓசூரில் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுவது சாதாரணம். மாறும்போதெல்லாம் "பி.எஃப். எடுத்துட்டேன்" என்று ஒரு போனோ பைக் முன்பணமோ வாங்குவதும் சாதாரணமாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். மாதம் 2,350 வீதம் மூன்று வருடத்தில் சேர்வது வட்டியோடு சுமார் 95,000 ரூபாய். அதைத் தொடாமல் விட்டால் மீதி 33 வருடத்தில் 8 சதவீதத்தில் சுமார் 12 லட்சம். அதே 2,350-ஐ 36 வருடமும் தொடாமல் விட்டால், சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாவிட்டாலும், 54 லட்சத்துக்கு மேல். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே வந்தவருக்கு 58 வயதில் மிஞ்சுவது கடைசி மூன்று வருடத்தின் 95,000 மட்டும். இருவரிடமும் பிடித்த தொகை ஒன்றுதான்.

செய்யும் முறை:

முதலில், புதிய கம்பெனியில் சேரும் நாளில் நிரப்பும் படிவம் 11-ல் பழைய யூ.ஏ.என். எண்ணை எழுதுங்கள். "முன்பு பி.எஃப். இருந்ததா?" என்ற இடத்தில் இல்லை என்று போட்டால் சிக்கல் ஆரம்பம். அவசரத்தில் கான்ட்ராக்டரின் ஆள் அவரே நிரப்பிவிடுவதும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் வாங்கிப் பாருங்கள். இரண்டு யூ.ஏ.என். உருவானால் சேவை வருடங்கள் இரண்டு இடத்தில் சிதறும்.

அடுத்து, பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்று உறுப்பினர் தளத்தின் சேவை விவரத்தில் பாருங்கள். தேதி இல்லாவிட்டால் பணம் நகராது. கடைசிப் பிடித்தம் கட்டி இரண்டு மாதம் ஆகியும் போடவில்லையென்றால் ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே பதிவு செய்யலாம். கவனம்: தேதி தவறினால் திருத்துவது பெரிய வேலை. பழைய கம்பெனியில் விலகிய தேதி புதிய கம்பெனியில் சேர்ந்த தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

அதன்பின் மாற்றம். ஆதார் சரிபார்த்த ஒரே யூ.ஏ.என். என்றால் பல நேரம் தானாகவே மாறிவிடும். மாறவில்லையென்றால் அதே தளத்தில் படிவம் 13-ஐ ஆன்லைனில் கொடுங்கள். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. "பி.எஃப். எடுத்துத் தரப்படும்" என்று போர்டு வைத்த ஜெராக்ஸ் கடையில் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

மாறியபின் பாஸ்புக்கைத் திறந்தால் ஓய்வூதியப் பத்தியில் பழைய தொகை வந்திருக்காது, பூஜ்யம் காட்டும். அது தவறில்லை. ஓய்வூதியத்தில் பணம் மாறுவதில்லை, சேவை வருடம்தான் மாறுகிறது.

அந்தச் சேவை வருடம் ஏன் முக்கியம்? மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். கணக்கு: ஓய்வூதியச் சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 உச்சவரம்பில் 35 வருடத்துக்கு 7,500 ரூபாய். 20 வருடம் கடந்தவர்களுக்கு 2 வருடம் கூட்டிக் கணக்கிடுவார்கள். படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அதுவரை ஓடிய வருடங்கள் அழிந்து, எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

இரண்டு தவறான நம்பிக்கைகள். ஒன்று, வேலையை விட்டால் பி.எஃப். வட்டி நின்றுவிடும் என்பது. 58 வயதுவரை வட்டி ஏறும். இன்னொன்று, ஐந்து வருடத்துக்கு முன் எடுத்தாலும் ஒன்றும் இல்லை என்பது. தொடர்ச்சியாக ஐந்து வருடம் முடியுமுன் எடுத்தால் அது வரிக்கு உட்பட்ட வருமானம். தொகை 50,000-க்கு மேல் என்றால் பான் இருந்தாலும் பொதுவாக 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பழைய கம்பெனியிலிருந்து மாற்றிய சேவையும் இந்த ஐந்து வருடத்தில் சேரும்.

## 6. மாதம் எவ்வளவு

இங்கே கசப்பான ஒரு கணக்கு. வருடம் 6 சதவீதம் விலை ஏறினால் 36 வருடத்தில் விலைகள் எட்டு மடங்குக்குச் சற்று மேலாகும். மேலே சொன்ன 54 லட்சம் இன்றைய மதிப்பில் ஆறே முக்கால் லட்சத்துக்குள். 7,500 ரூபாய் ஓய்வூதியம் இன்றைய 920 ரூபாய். பி.எஃப்.பை உடைக்காமல் இருந்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்தே தெரியும்.

இலக்கை இன்றைய விலையிலேயே போடுங்கள். சொந்த வீட்டில் கணவன், மனைவி இருவருக்கு மாதம் 20,000 என்றால் வருடம் 2,40,000. அதைப்போல் 25 மடங்கு 60 லட்சம். இது இன்றைய மதிப்பு. எதிர்காலக் கோடிகளை நினைத்தால் மலைப்பாக இருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் எட்டால் வகுத்துப் பழகுங்கள்.

தொடக்கத்துக்குக் கையில் வரும் சம்பளத்தில் 10 சதவீதம். 20,000 வந்தால் 2,000. இது பி.எஃப்.க்கு மேலே. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவருக்கு 20, 30 சதவீதம் என்று ஆரம்பிப்பது நான்கு மாதத்தில் நின்றுவிடும். 1,000 ரூபாயில் ஆரம்பித்தாலும் பரவாயில்லை.

தாமதத்தின் விலை: 10 சதவீதத்தில் பணம் ஏழு வருடத்துக்குச் சற்று மேல் போனால் இரட்டிக்கும். 22 வயதில் போட்ட 1,000 ரூபாய் 58-ல் சுமார் 30,900. அதையே 29 வயதில் போட்டால் சுமார் 15,900. "கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம்" என்று ஏழு வருடம் தள்ளியதில் பாதி போய்விட்டது.

## 7. எங்கே போடுவது

பி.எஃப். இருப்பவரிடம் ஏற்கெனவே மாதம் 2,350 ரூபாய் நிலையான வட்டிக்குப் போகிறது. பாதுகாப்புப் பங்கு அங்கே இருக்கிறது. அதனால் தனியாகப் போடும் 2,000 பங்குச் சந்தைப் பக்கம் போகலாம் என்பது எங்கள் கருத்து. இதையும் கொண்டுபோய் ஆர்.டி.யில் (வங்கித் தொடர் வைப்பு) போட்டால் விலைவாசியை மட்டும் ஈடுகட்டி நிற்கும்.

ஆரம்பிப்பவருக்கு ஒரே ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் போதும். நாட்டின் பெரிய 50 கம்பெனிகளில் அவற்றின் எடைக்கேற்பப் பணம் பிரியும். ஃபண்ட் மேலாளர் சரியாகத் தேர்ந்தெடுத்தாரா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான்கு, ஐந்து ஃபண்டில் 500, 500 ஆகப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் அதே கம்பெனிகளை ஐந்து பெயரில் வாங்குகிறார்கள்.

விண்ணப்பத்தில் "டைரக்ட்" என்பதையே தேர்ந்தெடுங்கள். "ரெகுலர்" என்றால் இடையில் உள்ளவருக்குக் கமிஷன் போகும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். மாதம் 2,000 வீதம் 36 வருடத்தில் 10 சதவீதத்துக்கு 75 லட்சம் ஆவது 9 சதவீதத்துக்கு 59 லட்சம்தான் ஆகிறது.

சந்தை விழும், அதற்குத் தயாராக இருங்கள். 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச்சுக்குள் நிஃப்டி சுமார் 38 சதவீதம் விழுந்தது. அதே வருடம் நவம்பரில் பழைய உச்சத்தைத் தொட்டது. மார்ச்சில் பயந்து விற்றவருக்கு நஷ்டம் நிலையாகிவிட்டது. நிறுத்தாமல் போட்டவருக்கு அந்த மாதங்களில் அதே பணத்துக்குக் கூடுதல் யூனிட் (ஃபண்டின் அலகு) கிடைத்தது. ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை இங்கே வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இன்னொரு வழி. நிர்வாகச் செலவு மிகக் குறைவு. நீண்ட காலத்துக்கு எளிதில் எடுக்க முடியாது. கை நிற்காதவர்களுக்கு அந்தப் பூட்டே நல்லது. ஆனால் முடிவில் ஒரு பங்கைக் கட்டாயம் மாத ஓய்வூதியமாக மாற்ற வேண்டும்.

காப்பீட்டுப் பாலிசியைச் சேமிப்பாக எடுக்காதீர்கள். "20 வருடம் கட்டினால் போதும்" என்று உறவினர் ஒருவர் கொண்டுவரும் பாலிசி பொதுவாக 5, 6 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. உங்களை நம்பி ஆட்கள் இருந்தால் டேர்ம் இன்ஷூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) மட்டும் எடுங்கள். வரி மிச்சம் என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம்: 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரையிலான சம்பள வருமானத்துக்கு வரியே வராது.

ஏலச்சீட்டு வேண்டுமானால் பதிவு பெற்ற சீட்டாக இருக்கட்டும். அது பொருள் வாங்க உதவும், முப்பது வருடத்துக்கு ஆகாது. நகைச்சீட்டில் செய்கூலியும் சேதாரமும் போய்விடும். மனைத் தவணை கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 60 வயதில் கால் மனையை விற்று மாதச் செலவு பார்க்க முடியாது. மாதம் 5, 10 சதவீதம் வட்டி என்று கூட்டம் போடுகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். ஆளைச் சேர்த்தால் கமிஷன் என்றால் சந்தேகமே வேண்டாம்.

## 8. தேதி, தானியங்கிப் பிடித்தம், வருடாந்திர ஏற்றம்

சம்பளம் 7-ம் தேதி வந்தால் எஸ்.ஐ.பி. (ஃபண்டுக்கு மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தவணை) தேதியை 10 அல்லது 12 என்று வையுங்கள். 7-ஐயே வைத்தால் சம்பளம் ஒருநாள் தாமதமானாலும் பிடித்தம் திரும்பும். வங்கி அதற்கு அபராதம் போடும். 25-ம் தேதி வைத்தால் அன்று கணக்கில் ஒன்றும் இருக்காது. செலவு போக மீதியைச் சேமிக்கலாம் என்று நினைத்தால் மீதி வராது.

வருடந்தோறும் இன்கிரிமென்ட் வந்த மாதத்தில் தொகையை 10 சதவீதம் ஏற்றுங்கள். 2,000 என்பது 2,200, அடுத்த வருடம் 2,420. பல ஃபண்ட் நிறுவனங்களில் இதையும் தானாக ஏறும்படி ஆரம்பத்திலேயே பதிவு செய்யலாம்.

இந்த ஒரு மாற்றம் செய்யும் வேலை பெரியது. 2,000-ஐயே 36 வருடமும் போட்டால் 75 லட்சம், இன்றைய மதிப்பில் ஒன்பது லட்சம் சொச்சம். வருடம் 10 சதவீதம் ஏற்றினால் சுமார் இரண்டரைக் கோடி, இன்றைய மதிப்பில் 31 லட்சம். கடைசி வருடத்தில் மாதத் தவணை 56,000-ஐத் தொடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்றைய சம்பளமும் அதற்கேற்றதாக இருக்கும். இல்லாத வருடத்தில் ஏற்றாமல் விடலாம், நிறுத்த மட்டும் வேண்டாம்.

சம்பளம் ஏறினால் பி.எஃப். பங்கும் ஏறும். கம்பெனி 15,000 உச்சவரம்பிலேயே பிடித்தத்தை நிறுத்தி வைத்திருந்தால், உங்கள் பங்கை மட்டும் கூட்டிக் கட்டும் விருப்ப பி.எஃப். வசதியை மனிதவளப் பிரிவில் கேளுங்கள். வட்டி பி.எஃப்.க்கு உள்ள அதே வட்டிதான்.

## 9. பி.எஃப். இல்லாதவர்களுக்கு

வருமானம் மாதாமாதம் வராது என்பதுதான் இங்கே பிரச்சினை. மாங்காய்ப் பணம் சீசனில் மொத்தமாக வரும், பட்டுக்கூடு வளர்ப்பவருக்கு வருடத்தில் பலமுறை வரும், தக்காளி எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் மாதத் தொகைக்குப் பதில் பங்கு விகிதம் வையுங்கள்: மண்டியிலோ கூடு அங்காடியிலோ பணம் வாங்கிய வாரத்திலேயே, செலவு கழித்த லாபத்தில் 15 சதவீதம்.

அதற்குப் பொருத்தமானது பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி). அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். வருடத்துக்குக் குறைந்தது 500, அதிகம் 1,50,000 ரூபாய். எத்தனை தவணையாகவும் கட்டலாம். 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாகக் குறைந்த வட்டி அதன்பின் பல வருடம் அதே அளவில் நின்றது. வட்டிக்கு வரி இல்லை.

தேதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 5-ம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசிவரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஜூலை 6-ல் 50,000 போட்டால் அந்த ஒரு மாதத்தில் சுமார் 296 ரூபாய் போச்சு. காசோலையாகக் கொடுத்தால் அது 5-க்குள் வரவாக வேண்டும்.

15 வருடம் முடிந்ததும் பலரும் எடுத்துவிடுகிறார்கள். முடிந்து ஒரு வருடத்துக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுத்தால் ஐந்து ஐந்து வருடமாகத் தொடர்ந்து கட்டலாம். 25 வயதில் தொடங்கியவர் நீட்டித்துக்கொண்டே 60 தொடலாம். படிவம் கொடுக்காமல் பணம் போட்டால் அதற்கு வட்டி வராது.

அடல் ஓய்வூதியத் திட்டம் 18 முதல் 40 வயதுவரை சேரலாம். வருமான வரி கட்டுபவர்களுக்கு 2022 அக்டோபரிலிருந்து இடமில்லை. 60 வயதில் மாதம் 5,000 வேண்டுமானால் மாதத் தவணை 18 வயதில் சேர்ந்தால் 210, 25-ல் 376, 30-ல் 577, 35-ல் 902 ரூபாய். அரசு உத்தரவாதம் உண்டு, விலைவாசிக்கேற்ப ஏறாது. 25 வயதில் சேர்ந்தவருக்கு 60-ல் வரும் 5,000 இன்றைய 650 ரூபாய்க்குச் சமம். இது ஒரு சிறு துணைதான். இதையே முழு ஏற்பாடாக நினைத்துவிடக் கூடாது. தவணை ஓடும் கணக்கில் எப்போதும் இரண்டு தவணைப் பணம் விட்டு வையுங்கள், தவறினால் அபராதம் சேரும்.

2 ஹெக்டேர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 2019-ல் தொடங்கிய பிரதமர் கிசான் மான்தன் திட்டமும் இருக்கிறது: வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 வரை கட்டினால் அரசும் அதே தொகை போடும், 60-ல் மாதம் 3,000.

பேக்கரி வேலைக்கு வெளியூர் போனவர்களுக்கு முதலாளியிடமே மாதப் பணத்தை நிறுத்தி வைத்து ஊருக்கு வரும்போது மொத்தமாக வாங்கும் பழக்கம் உண்டு. அப்படி வைத்த பணத்துக்கு வட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. மாதாமாதம் வங்கியில் போடச் சொல்லுங்கள்.

## 10. கடைசி ஐந்து வருடம்

53 வயதிலிருந்து ஃபண்டில் உள்ளதை வருடம் ஒரு பங்காக வைப்பு நிதிக்கு மாற்றுங்கள். 58 தொடும்போது மூன்று முதல் ஐந்து வருடச் செலவு சந்தைக்கு வெளியே இருக்க வேண்டும். ஓய்வு பெறும் வருடமே சந்தை விழுந்தால் விற்காமல் காத்திருக்க அது இடம் தரும். முழுவதையும் எடுத்துவிட வேண்டாம். அதன்பிறகும் 20, 25 வருடம் சாப்பிட வேண்டும்.

விற்கும்போது வரி: ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில் ஒரு நிதியாண்டு லாபம் 1,25,000-ஐத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 12.5 சதவீதம். மார்ச்சில் ஒரு பங்கு, ஏப்ரலில் ஒரு பங்கு என்று பிரித்து விற்றால் அந்த விலக்கு இரண்டு முறை கிடைக்கும்.

## 11. நாமினி

பி.எஃப். தளத்தில் மின்-நாமினி பதிவை வேலைக்குச் சேர்ந்த மாதமே முடியுங்கள். திருமணம் ஆகாதவர் அம்மாவையோ அப்பாவையோ போடலாம். வேலையில் இருக்கும்போது இறந்தால் பி.எஃப்.போடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை குடும்பத்துக்கு வரும். நாமினி இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டும்.

குடும்பம் இல்லாதவராகப் பதிந்த பி.எஃப். நாமினி, குடும்பம் வந்ததும் செல்லாது. திருமணம் முடிந்ததும் கணவன் அல்லது மனைவி பெயரைச் சேர்த்துப் புதிதாகப் பதிய வேண்டும். அதே நாளில் வங்கி, ஃபண்ட், பி.பி.எஃப்., டேர்ம் இன்ஷூரன்ஸ் நான்கிலும் மாற்றிவிட்டு, கணக்கு எண்களை ஒரு நோட்டில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். எந்த பீரோ என்று இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.